சிலம்பை எப்போது உடைத்துப் பார்க்கிறோம்? பழி தேடும் கூட்டமும் பாடம் தேடும் கூட்டமும்



முன்னோட்டத் தேர்வு முடிந்து புள்ளிகள் வந்ததும் பள்ளிகளில் ஒரு கூட்டம் நடக்கும். பேச்சில் அதை நாம் 'போஸ்ட்மோர்டம்' என்றுதான் சொல்கிறோம். பிணத்தை அறுத்துப் பார்ப்பதற்கு உரிய சொல் அது. எஸ்.பி.எம். எழுத இன்னும் சில வாரங்கள் இருக்கும் மாணவர்களைப் பற்றிப் பேசும் கூட்டத்துக்கு இந்தப் பெயர் எப்படி ஒட்டிக்கொண்டதோ! பெயர் மட்டும் என்றால் விட்டுவிடலாம். பல நேரம் கூட்டமும் அப்படித்தான் நடக்கிறது. திரையில் ஓர் அட்டவணை, அதில் சிவப்புக் கட்டங்கள், பக்கத்தில் ஆசிரியர் பெயர்கள். "டீச்சர், உங்க வகுப்புல மட்டும் ஏன் இப்படி?" என்று ஒரு கேள்வி வரும். "பிள்ளைங்க படிக்கறதே இல்ல சார்" என்று ஒரு பதில் வரும். அடுத்து பெற்றோர் மேல் பழி போகும். பிறகு தொடக்கப்பள்ளியில் அடிப்படை சரியில்லை என்று தமிழ்ப்பள்ளி மேல் போகும். ஒரு மணி நேரம் முடிந்து எல்லாரும் எழுந்து போவார்கள். அடுத்த வாரம் எந்த ஆசிரியர் எதை மாற்றிச் செய்யப்போகிறார் என்பது குறிப்பேட்டில் இருக்காது.

இதை மேலாண்மைப் பிரச்சினை என்று ஒதுக்க வேண்டாம். தமிழாசிரியர்களான நமக்கு இது இலக்கியப் பிரச்சினையும்கூட. ஒரு தவறு நடந்த பிறகு கூடிப் பேசுவது எப்படி, எப்படிப் பேசக்கூடாது என்பதற்கு நம் கையில் இரண்டு நல்ல பனுவல்கள் இருக்கின்றன. ஒன்று சிலப்பதிகாரம். இன்னொன்று டாக்டர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாமின் தன்வரலாறான 'அக்கினிச் சிறகுகள்'. இரண்டையும் வகுப்பில் அடிக்கடி எடுத்தாளுகிறோம். ஆனால் இரண்டையுமே 'பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்ட பெருமனம்' என்ற ஒரே கோணத்தில் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தக் கோணம் போதாது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

பாண்டியன் செய்ததும் செய்யாததும்

பாண்டியன் நெடுஞ்செழியனின் பண்புநலன் பற்றி எழுதச் சொன்னால் மாணவர்களின் விடை பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். நீதி தவறியதை உணர்ந்தான், தானே கள்வன் என்றான், அரியணையிலேயே உயிர் விட்டான், ஆகவே நீதிமான். இது தவறான விடை அல்ல. வழக்குரை காதை அப்படித்தான் முடிகிறது. ஆனால் கொஞ்சம் முன்னே போய்க் கொலைக்களக் காதையைப் படித்துப் பாருங்கள்.

அரசி ஊடலில் இருக்கிறாள். அவளைச் சமாதானப்படுத்த அரசன் அந்தப்புரம் நோக்கி நடக்கிறான். அந்த நேரத்தில் பொற்கொல்லன் வந்து, அரசியின் சிலம்பைத் திருடியவன் அகப்பட்டான் என்கிறான். அரசன் காவலரைக் கூப்பிட்டு ஆணை இடுகிறான். அந்த ஆணையில் ஒரு நிபந்தனை உண்டு: சிலம்பு அந்தக் கள்வன் கையில் இருக்குமானால் என்று சொல்லித்தான் கொலையைச் சொல்கிறான். இதைப் பலர் கவனிப்பதில்லை. அரசன் கண்ணை மூடிக்கொண்டு ஆணை இடவில்லை. 'இருக்குமானால்' என்றான். ஆனால் அது அரசியின் சிலம்புதானா என்று யார் சோதிப்பது? அதை அவன் சொல்லவே இல்லை. அந்த இடத்தில் சிலம்பைப் பார்த்து அடையாளம் சொல்லத் தெரிந்தவன் ஒரே ஒருவன்தான். அவனே குற்றம் சாட்டியவன். உண்மைத் திருடனும் அவனே.

அடுத்து வருவது இன்னும் முக்கியம். கோவலனைப் பார்த்த காவலருக்கு ஐயம் வருகிறது. இவன் தோற்றத்தைப் பார்த்தால் கொல்லப்பட வேண்டியவன் போல இல்லையே என்று வாய்விட்டே சொல்கிறார்கள். அந்த ஐயம் அரசன் காதுக்குத் திரும்பிப் போக வழியில்லை. பொற்கொல்லன் களவு நூல் பேசி அவர்கள் வாயை அடைக்கிறான். கடைசியில் கல்லாத, கள்ளுண்ட ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

இப்போது வழக்குரை காதைக்கு வருவோம். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. எங்கள் சிலம்பின் பரல் முத்து என்கிறான் அரசன். சிலம்பைக் கொண்டுவந்து வைக்கிறார்கள், அவள் உடைக்கிறாள், மணி தெறிக்கிறது. உண்மை தெரிய ஒரு நொடிதான் ஆனது. அந்த ஒரு நொடிச் சோதனையை ஒரு நாள் முன்னால் செய்திருந்தால் கோவலன் பிழைத்திருப்பான்.

அரசன் பழியை முழுவதும் தன்மேல் ஏற்றுக்கொண்டான். அவன் பெருமையில் நான் குறை காணவில்லை. ஆனால் அவன் உயிரோடு ஒரு கேள்வியும் போய்விட்டது. குற்றம் சாட்டியவனிடமே சோதனையை விடும் வழக்கம் எப்படி வந்தது? காவலருக்கு ஐயம் வந்தால் அவர்கள் யாரிடம் போய்ச் சொல்வது? மதுரை அரசவையில் இதைக் கேட்க ஆளில்லை. கேட்காததன் விளைவை இளங்கோவடிகள் காவியத்தின் முகப்பிலேயே, உரைபெறு கட்டுரையில் வைத்திருக்கிறார். பாண்டிய நாட்டில் மழை பொய்த்து, வறுமையும் நோயும் வருகின்றன. அப்போது கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிடுகிறான்.

ஆயிரம் பேர்! தவறு செய்தவன் ஒரு பொற்கொல்லன். பலியானது ஒரு தொழிலே. காவியம் இதைக் கண்ணகிக்குச் செய்த சாந்தியாகச் சொல்கிறது, மழை பெய்தது என்றும் சொல்கிறது. காவிய மரபுக்குள் அதற்கு ஓர் இடம் உண்டு. ஆனால் திறனாய்வாளராக நாம் ஒன்று கேட்கலாம்: அடுத்த முறை ஒருவன் சந்தையில் சிலம்பு விற்க வந்தால், அவனை விசாரிக்கும் முறை ஏதாவது மாறியதா? அப்படி ஒரு வரி காவியத்தில் இல்லை. பழி தீர்ந்தது. முறை பழையபடியே இருந்தது.

சொற்பொழிவில் ஒரு கலாம், நூலில் ஒரு கலாம்

இனி 1979க்கு வருவோம். ஆகஸ்டு 10ஆம் நாள், இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவுகலமான எஸ்.எல்.வி.-3 ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. திட்ட இயக்குநர் இராமேஸ்வரத்தில் பிறந்த கலாம். நான்கு கட்டங்கள் கொண்ட அந்த ஏவுகலம் 317 விநாடிகளில் கடலில் விழுந்தது. ஏவுதளத்திலிருந்து ஏறத்தாழ 560 கிலோமீட்டர் தூரம்.

இதற்குப் பிறகு நடந்ததாக நாம் மேடையில் சொல்லும் கதை எல்லாருக்கும் தெரியும். இஸ்ரோ தலைவர் பேராசிரியர் சதீஷ் தவான் செய்தியாளர் முன் உட்கார்ந்து தோல்விக்குத் தானே பொறுப்பு என்றார். 1980 ஜூலை 18இல் ஏவுதல் வெற்றி பெற்றபோது, செய்தியாளரைச் சந்திக்கக் கலாமை அனுப்பினார். கலாமே பிற்காலச் சொற்பொழிவுகளில் இதைப் பலமுறை சொன்னார். தலைமைத்துவம் என்ற தலைப்பில் கட்டுரை எழுதும் மாணவர் பலர் கையாளும் எடுத்துக்காட்டும் இதுதான்.

நல்ல கதை. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். தவான் பழியை ஏற்றதால் மட்டும் 1980இல் ஏவுகலம் மேலே போயிருக்குமா? போகாது. பழுது எங்கே என்று தெரியாமல் இரண்டாவது ஏவுகலத்தை நிறுத்தியிருந்தால் அதுவும் கடலுக்குத்தான் போயிருக்கும். இடையில் நடந்த வேலையை நாம் கதையிலிருந்து வெட்டிவிட்டோம். அந்த வேலை 'அக்கினிச் சிறகுகள்' நூலில் இருக்கிறது.

நூலின்படி, ஏவுதலை ஆராய ஒரு குழு அமைந்தது. அது என்ன நடந்தது என்பதை ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போய்ப் பார்த்தது. ஏவுகலம் ஏன் விழுந்தது? இரண்டாம் கட்டத்தில் கட்டுப்பாட்டு விசை இல்லை. ஏன் இல்லை? அதற்குத் தேவையான நைட்ரிக் அமிலம் பெரும்பகுதி வெளியேறிவிட்டது. ஏன் வெளியேறியது? புறப்படுவதற்கு 8 நிமிடத்துக்கு முன் வந்த முதல் கட்டளையில் திறந்த ஒரு வால்வு மூடவில்லை. ஏன் மூடவில்லை? அதில் மாசு புகுந்திருந்தது. இந்தச் சங்கிலியில் ஒரு மனிதர் பெயரும் இல்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் அடுத்த முறை எதை மாற்ற வேண்டும் என்பது தெரிகிறது.

குழுவின் முடிவை மூத்த அறிவியலாளர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கூட்டம் அத்துடன் முடிந்திருக்கலாம். ஆனால் கலாமுக்கு மனம் நிறையவில்லை. எழுந்து நின்று ஒன்றைச் சொன்னார். கடைசி நேரத்தில் அமிலக் கசிவு கண்ணில் பட்டதென்றும், அது அற்பமானது என்று தான் முடிவு செய்ததாகவும், ஏவுதலை நிறுத்தி வைத்திருக்க வேண்டும் என்றும், அதனால் பொறுப்பு தன்னுடையது என்றும் சொன்னார். தவான் அவரைத் தண்டிக்கவில்லை. கலாமையே சுற்றுப்பாதையில் ஏற்றப்போகிறேன் என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கூட்டத்தை முடித்தார்.

இந்த இடத்தை நான் மீண்டும் மீண்டும் படித்திருக்கிறேன். கலாமின் சொல்லைப் பாண்டியனின் சொல்லோடு ஒப்பிட்டால் இரண்டு வேறுபாடு தெரியும்.

முதலாவது, வரிசை. கலாம் பேசியது காரணம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு. பொறுப்பேற்பு விசாரணையை முடித்து வைக்கவில்லை, விசாரணையில் விடுபட்ட ஒன்றை நிரப்பியது. பாண்டியனிடம் விசாரணையும் தீர்ப்பும் தண்டனையும் ஒரே மூச்சில் முடிந்துவிட்டன.

இரண்டாவது, அவர் சொன்னது ஒரு தகவல். வால்வு பழுது என்று குழு சொன்னது. 'கசிவு கண்ணில் பட்டது, ஆனால் அற்பமாகத் தோன்றியது' என்பது அந்தச் சங்கிலியில் இல்லாத கண்ணி. வால்வை மட்டும் மாற்றினால் போதாது. கடைசி நிமிடத்தில் ஓர் ஐயம் வந்தால் எப்படி முடிவெடுப்பது என்பதும் மாற வேண்டும் என்பதை அந்த ஒரு வாக்கியம் காட்டியது. மதுரைக் காவலரின் ஐயத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். இரண்டு இடத்திலும் எச்சரிக்கை வந்தது, இரண்டு இடத்திலும் அது கடந்துபோனது. ஓர் இடத்தில் மட்டும் அதைப் பிறகு எடுத்துப் பேசினார்கள்.

அப்படி எழுந்து பேச ஒருவருக்குத் துணிவு எங்கிருந்து வரும்? சொன்னால் தலை போகாது என்ற நம்பிக்கையிலிருந்து. தவானின் பெருந்தன்மையின் உண்மையான பயன் அதுதான். பழியைத் தூக்கிச் சுமந்தது அழகுக்காக அல்ல. கீழே இருப்பவர் உண்மை பேச இடம் கொடுத்தது அது. மேடையில் அந்தக் கதையைச் சொல்லும்போது இந்தப் பகுதியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அப்படியானால் யாரையும் கேள்வி கேட்கக் கூடாதா?

இப்படிப் பேசினால் உடனே வரும் மறுப்பு இது: "எல்லாத்துக்கும் காரணம் கண்டுபிடிச்சா அப்புறம் யாருக்குத்தான் பொறுப்பு?" நியாயமான கேள்வி. பாசிர் கூடாங்கில் இருக்கும் நமக்கு இதன் விடை நன்றாகவே தெரியும். 2019 மார்ச் மாதம் கிம் கிம் ஆற்றில் நச்சுக் கழிவு கொட்டப்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குப் போனார்கள், இங்குள்ள 111 பள்ளிகள் மூடப்பட்டன. கொட்டியவரைக் கண்டுபிடித்து நீதிமன்றத்தில் நிறுத்துவது சட்டத்தின் வேலை. அதில் 'பாடம் கற்போம், பழி வேண்டாம்' என்று பேசுவது அநியாயம். பொற்கொல்லனுக்கும் அதே விதிதான். அவன் செய்தது தவறு அல்ல, குற்றம்.

ஆனால் குற்றவாளியைப் பிடிப்பதோடு ஒரு பள்ளியின் வேலை முடியாது. அதே ஆண்டு ஜூனில் மாணவர்கள் மறுபடியும் மூச்சுத் திணறலுக்கு ஆளானார்கள், பள்ளிகள் மறுபடியும் மூடப்பட்டன. முதலில் வாடையை உணர்ந்த மாணவர் யாரிடம் சொல்வார்? அந்த ஆசிரியர் எத்தனை பேரைக் கேட்டு வகுப்பை வெளியேற்ற வேண்டும்? பெற்றோருக்குத் தகவல் எப்படிப் போகும்? இவை பள்ளிகள் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள். கொட்டியவர் பெயர் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இவற்றுக்கு விடை வேண்டும்.

ஆக, வேண்டுமென்றே செய்த குற்றம் வேறு, வேலைக்கு நடுவே நேர்ந்த தவறு வேறு. முதலாவதற்கு நீதிமன்றம். இரண்டாவதற்குத்தான் நாம் பேசும் கூட்டம். நம் பணித்தியக் கூட்டங்களில் வருவது ஏறக்குறைய எல்லாமே இரண்டாவது வகை. அதை முதல் வகைபோல் விசாரிக்கும்போதுதான் எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

மற்றத் துறைகளும் இதைக் கண்டுகொண்டிருக்கின்றன. மென்பொருள் குழுக்களின் மீள்பார்வைக் கூட்டங்களைப் பற்றி நார்மன் கெர்த் 2001இல் ஒரு நூல் எழுதினார். ஒவ்வொருவரும் அன்று தமக்குத் தெரிந்ததையும் இருந்த வசதியையும் கொண்டு தம்மால் முடிந்ததைச் செய்தார்கள் என்று ஏற்றுக்கொண்டுதான் கூட்டத்தைத் தொடங்க வேண்டும் என்பது அவர் வைத்த அடிப்படை விதி. ஜப்பானிய ஆசிரியர்களின் பாட ஆய்வு முறையிலும் பேச்சு பாடத்தைப் பற்றியே இருக்கும், பாடம் நடத்தியவரைப் பற்றி இருக்காது.

நமக்கு இன்னும் பக்கத்தில் திருவள்ளுவர் இருக்கிறார். மருந்து அதிகாரத்தின் 948ஆம் குறள் உங்களுக்கு மனப்பாடம். நோய் எது, அதன் மூலம் எது, தணிக்கும் வழி எது என்று தேடி, பொருத்தமாகச் செய்யச் சொல்கிறது. அதையடுத்து 950ஆம் குறளையும் சேர்த்துப் படியுங்கள். நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கொடுப்பவர் என்று மருத்துவத்தையே நான்காகப் பிரிக்கிறது. நோய் தீரவில்லை என்றால் நான்கையும் பார்க்க வேண்டும். நாம் நோயாளியை மட்டும் திட்டிவிட்டு எழுந்துவிடுகிறோம்.

பணித்தியக் கூட்டத்தில் எப்படிச் செய்வது?

எடுத்துக்காட்டாக, ஒரு வகுப்பில் பாதி மாணவர் கடைசிக் கட்டுரையை முடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். "கவனக்குறைவு" என்று எழுதிவிட்டால் அங்கேயே நின்றுவிடும். இப்படிக் கேட்டுப் பாருங்கள். ஏன் முடிக்கவில்லை? முதல் பிரிவிலேயே நேரம் போய்விட்டது. ஏன் போனது? முழுத் தாளையும் ஒரே அமர்வில் அவர்கள் எழுதிப் பழகவில்லை. ஏன் பழகவில்லை? தமிழுக்குக் கிடைக்கும் பாடவேளை குறைவு, சில பள்ளிகளில் அது பள்ளி நேரத்துக்கு வெளியேதான் நடக்கிறது, ஆகவே தாளைத் துண்டு துண்டாகத்தான் பயிற்சி செய்தார்கள். இப்போது வழி தெரிகிறது: ஒரு சனிக்கிழமை காலை, ஒரு முழுத் தாள், ஒரு கடிகாரம். "இன்னும் கவனமாக எழுதுங்கள்" என்று நூறு முறை சொல்வதைவிட இது பயன் தரும்.

கூட்டத்துக்கு முன் கீழ்க்கண்டவற்றை முடிவு செய்துகொள்ளுங்கள்.

1. அட்டவணையில் ஆசிரியர் பெயரை எடுத்துவிடுங்கள். கேள்வி எண்ணை வையுங்கள். 'யார் வகுப்பு' என்பதற்குப் பதில் 'எந்தக் கேள்வி' என்று பேச்சு மாறும்.
2. மாணவர் எழுதிய விடைத்தாள் சிலவற்றை, பெயரை மறைத்து, மேசையில் வையுங்கள். புள்ளியைப் பார்த்துப் பேசினால் ஊகம்தான் வரும். விடையைப் பார்த்துப் பேசினால் காரணம் வரும். சிலம்பை உடைத்துப் பார்ப்பது இதுதான்.
3. "ஏன் செய்யல?" என்று கேட்காமல் "அப்போ என்ன தெரிஞ்சிருந்தது?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்குச் சாக்கு வரும், இரண்டாவதற்குத் தகவல் வரும்.
4. அனுபவத்தில் மூத்தவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் தீர்ப்பு சொல்லிவிட்டால் இளையவர் ஐயம் வெளியே வராது.
5. முடிவில் ஒரே ஒரு மாற்றம், அதைச் செய்பவர் பெயர், மறுபடி பார்க்கும் நாள். பெயர் வர வேண்டிய இடம் இங்கேதான்.

அன்றாடப் பாடக் குறிப்பில் நாம் எழுதும் 'சிந்தனை மீட்சி'யையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். '30 மாணவர்களில் 25 பேர் நோக்கத்தை அடைந்தனர்' என்று எழுதுகிறோம். அது கணக்கு. மீதி 5 பேர் எந்த இடத்தில் தடுக்கினார்கள் என்று ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தால்தான் அது சிந்தனை, அது மீட்சி.

மாணவர்களுக்கு

திருத்திய தாள் கைக்கு வந்ததும் புள்ளியைப் பார்த்துவிட்டுப் பைக்குள் திணிக்காதீர்கள். "நான் ஒரு மக்கு" என்பதும் பழிதான், உங்கள் மேலேயே போட்டுக்கொள்ளும் பழி. அதனால் அடுத்த தாளில் ஒரு புள்ளியும் கூடாது. புள்ளி போன ஒவ்வோர் இடத்திலும் எழுதுங்கள்: கேள்வி புரியவில்லையா, பாடம் தெரியவில்லையா, தெரிந்தும் எழுத வரவில்லையா, நேரம் போதவில்லையா? நான்குக்கும் மருந்து வேறு வேறு.

பாத்திரப்படைப்பு வினாவில் பாண்டியன் வந்தால், அவன் நீதி உணர்வைக் கட்டாயம் எழுதுங்கள். அதோடு நின்றுவிடாமல், நிபந்தனையோடு ஆணையிட்டும் சோதிக்க ஆள் வைக்காததையும், காவலர் ஐயம் அவனை எட்டாததையும் சேர்த்து எழுதுங்கள். பண்பைப் பாராட்டுவதோடு செயலை ஆராய்ந்த விடை தனித்துத் தெரியும். தலைமைத்துவக் கட்டுரையில் கலாமையும் தவானையும் எடுத்தாண்டால், செய்தியாளர் கூட்டத்தோடு அந்த வால்வையும் ஒரு வரி சொல்லுங்கள்.

கலந்துரையாட மூன்று வினாக்கள்

அ. காவலரின் ஐயம் அரசனை எட்ட ஒரு வழி இருந்திருந்தால் கதை எங்கே திரும்பியிருக்கும்?
ஆ. பாண்டியன் உயிர் விடாமல் இருந்து விசாரணை முறையை மாற்றியிருந்தால், அவனை நீதிமான் என்று சொல்வோமா? ஏன்?
இ. கலாமின் பொறுப்பேற்பு குழுவின் கண்டுபிடிப்புக்கு முன்னால் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

உங்கள் அடுத்த பணித்தியக் கூட்டத்தில் மேலே உள்ள ஐந்தில் ஒன்றையாவது செய்து பாருங்கள். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று இந்த மடலுக்கு எழுதி அனுப்புங்கள். கூட்டத்தின் பெயரையும் அப்படியே 'மீள்பார்வை' என்று மாற்றிவிடுங்கள்.



இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர், பாசிர் கூடாங்